ஊசுட்டேரிப் பறவை ஹலாலா?

வைத்திக்குப்பத்தில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்கிறார்: "ஊசுட்டேரியில் பிடித்த நாமக்கோழியை ஒருவர் இரகசியமாக விற்கிறார். பிஸ்மி சொல்லி முறையாக அறுத்தால் சாப்பிடலாமல்லவா?"

புதுவைக்கு மேற்கே, ஒரு பகுதி விழுப்புரம் மாவட்டத்திலுமாக, சுமார் 800 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் ஏரி அது. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் நாட்களில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கோரைப் புதர்களில் தாழைக்கோழி ஒளிந்து நடக்கும். நெற்றியில் வெள்ளை நாமத்துடன் (பெயர்க் காரணமே அதுதான்) நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக மிதக்கும். வடதிசைக் குளிருக்குத் தப்பி, நெடுந்தூரம் பறந்து வந்த வாத்துகளையும் காணலாம். புதுவை அரசு தன் பகுதியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கு வேட்டையாடுவது சட்டப்படி குற்றம்.

"அல்லாஹ் ஆகுமாக்கியதை மனிதர் போட்ட சட்டம் தடுக்கலாமா?" என்று சிலர் வாதிப்பர். மார்க்கத்தையே பாருங்கள். மான் ஹலாலான பிராணி. ஆயினும் இஹ்ராமில் இருப்பவர் அதை வேட்டையாடக் கூடாது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் இஹ்ராம் இல்லாதவருக்கும் கூடாது. இறைச்சியில் குறையில்லை, காலமும் இடமும் தடுக்கின்றன. ஊசுட்டேரியை ஹரமுக்கு நிகராக்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஹலாலான பிராணி என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை என்பதற்கே இதைச் சொன்னேன்.

அன்பர் தம் அண்டை வீட்டு மீனவர்களைக் கேட்கட்டும். மீனை அறுக்கக்கூட வேண்டியதில்லை. அவ்வளவு தாராளமான ஹலால். ஆனாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள், மீன் இனப்பெருக்கக் காலமென்று, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்நாட்களில் கடன் வாங்கிச் சோறு பொங்கும் வீடுகளும் உண்டு. பிழைப்பையே நிறுத்தி அவர்கள் பொறுத்திருக்க, நாக்கின் ருசியை நாம் விட முடியாதா?

பயணமொன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை பதறிச் சிறகடித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. அவை உண்ணத் தக்கவையா என்ற பேச்சே அங்கு எழவில்லை.

இன்னொன்று. நீர்ப்பறவைகளை விஷம் கலந்த இரை வைத்துப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். கத்தி படுமுன்பே உயிர் போயிருந்தால் அது செத்த பிராணி. பிஸ்மி அதை ஹலாலாக்காது. இரகசியமாக விற்பவர் அதைச் சொல்லியா விற்பார்?

ஆகவே வாங்க வேண்டாம் என்பதே என் பதில். விவரம் தெரியாமல் முன்பு சாப்பிட்டவர்கள் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. விற்பவர் மீண்டும் வந்தால் முதலில் அவருக்கே எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.