இடைத்தங்கல்

விமான நிலையத்தில் பத்து மணிநேரம் காத்திருப்பவன் தூங்குவதா, ஊர் பார்ப்பதா என்று யோசிக்கலாம். புறப்படும் நேரம் டிக்கட்டில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகளால் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கிய முஸ்லிம்களுக்கு அப்படியொரு நேரம் குறிக்கப்படவில்லை. கல்வீடு கட்டலாமா? கட்டினால் ஊரைக் கைவிட்டதாகாதா?

ஷாபிஈ மத்ஹபில், ஓரிடத்தில் நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தாலே முஸாபிர் நிலை போய்விடும். ஆனால் அஸர்பைஜானில் பனி வழிமறித்த ஆறு மாதமும் இப்னு உமர் (ரலி) தொழுகையைச் சுருக்கியே தொழுதார்கள் என்றொரு செய்தியுண்டு. தங்கிய நாளை அல்ல, தங்கும் எண்ணத்தையே அது பார்க்கிறது.

கட்டியது சரியென்றே நினைக்கிறேன். 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியோரிடம், “புத்தளத்தில்தான் வீடிருக்கிறதே” என்றார்கள். பிள்ளைகள் நனையாதிருக்க எழுப்பிய சுவர் அது. நிய்யத்தைச் சுவரிடமா கேட்பது?