மகிழடியில் ஒரு சூள்: சென்னையின் சோலைகளும் புனிதம் என்னும் கேள்வியும்

தமிழில் 'கா' என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குச் சோலை என்றும் பொருள், காப்பாயாக என்றும் பொருள். 'பொழில்' என்னும் சொல் மரச்செறிவைக் குறிப்பதோடு உலகத்தையும் குறிக்கும். இப்படிச் சோலையும் காவலும், சோலையும் உலகும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் மொழியில், ஊர் நடுவே ஒரு துண்டு நிலத்தை வேலியிட்டுப் 'பூங்கா' என்று பெயர்ப்பலகை மாட்டும்போது, பூவோடு சேர்ந்து அந்தப் பழைய காவற்பொருளும் கூடவே வந்துவிடுகிறது. காவல் என்று வந்துவிட்டால், எதை, யாரிடமிருந்து, எதன் பொருட்டு என்னும் வினாக்கள் எழாமல் இரா. ஒரு மரத்தை மனிதன் வெட்டாமல் விடுவது அதனுள் தெய்வம் உறைகிறது என்பதாலா, அரசாணை தடுக்கிறது என்பதாலா, அன்றி அந்த மரம் தன்னளவிலேயே வணக்கத்துக்குரியது என்பதாலா? புனிதம் என்பது மரத்தில் இருக்கிறதா, அதைப் பார்ப்பவரின் மனத்தில் இருக்கிறதா? கடலோர நகரமான சென்னையின் கோயில் மரங்களையும் தோட்டங்களையும் பூங்காக்களையும் ஒருசேர வைத்து எண்ணுவார்க்கு இந்த வினா ஏட்டளவில் நிற்பதில்லை.

கடலும் அதைச் சார்ந்த மணற்பரப்பும் தமிழ் இலக்கண மரபில் நெய்தல் எனப்படும். தொல்காப்பியம் நெய்தலின் தெய்வமாக வருணனைச் சொல்கிறது. அதே நூல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும் இடத்தில், புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு ஒன்றை மட்டும் உடைய ஓரறிவுயிர்களாக வைக்கிறது. அறிவு ஒன்றேயாயினும் அவை மனிதன் நிற்கும் அதே உயிர்வரிசையில்தான் நிற்கின்றன என்பது இங்கே கருதத்தக்கது. இந்தப் பார்வை வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பதற்கு நற்றிணையில் ஒரு சான்று உண்டு. நெய்தல் நிலத்துச் சிறுமியர் வெண்மணலில் விளையாட்டாகப் புதைத்து மறந்துபோன புன்னை விதை ஒன்று முளைக்கிறது. அவர்கள் அதற்கு நெய்யும் பாலும் பெய்து வளர்க்கிறார்கள். தாயோ அது அவர்களுடைய உடன்பிறந்தவள் என்கிறாள். வளர்ந்த தலைவி அந்த மரத்தின் நிழலில் காதலனோடு பேசிச் சிரிக்க நாணுகிறாள். அந்தப் புன்னையில் தெய்வம் உறைவதாகப் பாடல் எங்கும் சொல்லவில்லை. உறவு என்னும் ஒன்றே மரத்தின் முன் ஒருத்தியின் நடையையும் பேச்சையும் மாற்றப் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம், அவ்வூரைப் புன்னைமரக் கடற்கரைச் சோலையாகவே காட்டித் தொடங்குகிறது. இன்றைய கபாலீசுவரர் கோயில் கடலை விட்டு உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது. பழைய கோயில் கடற்கரையில் இருந்து போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஆனால் புன்னை மட்டும் இடம் மாறிய கோயிலோடு தானும் நடந்து வந்ததுபோலத் திருச்சுற்றில் நிற்கிறது. அதன் அடியில் உள்ள சிறு சன்னதியில் அம்மை மயில் வடிவில் சிவலிங்கத்தை வழிபடுகிறாள். அருகில் சென்று பார்த்தால், தடித்துப் பளபளக்கும் இலையில் நடுநரம்பிலிருந்து இருபுறமும் மயிரிழைபோல நெருங்கி ஓடும் கோடுகளும், வெண்ணிற இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தக் கற்றையும், கோலிக்குண்டு அளவில் உருண்ட காயும் தெரியும். உப்புக்காற்றையும் மணலையும் தாங்கி வளர்வதும், விதையிலிருந்து விளக்கெரிக்கும் எண்ணெய் தருவதும் ஆகிய இம்மரம் நெய்தல் நிலத்துக்கே உரியது.

ஒரு கோயிலோடு பிரிக்க முடியாமல் இணைத்துப் போற்றப்படும் இத்தகைய மரத்தைத் தலமரம் அல்லது தலவிருட்சம் என்பர். திருவான்மியூரில் வன்னி, திருவொற்றியூரில் மகிழம், புரசைவாக்கத்தில் புரசை எனச் சென்னையின் பழைய தலங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம் உண்டு. சிலவிடங்களில் ஊர்ப்பெயரே மரத்தின் பெயர்தான். திருவல்லிக்கேணி தன் பெயரில் அல்லி பூத்த கேணியை வைத்திருக்கிறது. 1516ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் எழுப்பிய லஸ் தேவாலயத்தை மக்கள் இன்றும் காட்டுக்கோயில் என்றே அழைக்கிறார்கள். சமயம் எதுவாயினும் வரிசை ஒன்றாகவே இருக்கிறது: முதலில் மரம், அதன் அடியில் வழிபாடு, பிறகு சுவர், அதற்கும் பிறகு கோபுரம். கருவறை மரத்தைத் தேடி வந்ததே அன்றி, மரம் கருவறையைத் தேடி வரவில்லை.

எங்கும் நிறைந்திருக்கும் கடவுளுக்கு ஒரு மரம் எதற்கு என்னும் ஐயத்துக்குச் சைவ சித்தாந்தம் கவனமான விடை வைத்திருக்கிறது. இறைவன் உலகப் பொருள்களோடு கலப்பால் ஒன்றாகவும், பொருள் தன்மையால் வேறாகவும், அவற்றை இயக்குவதால் உடனாகவும் நிற்கிறான் என்பது அதன் கொள்கை. ஆகவே மரத்தில் இறைவன் இருக்கிறான் என்று சொல்லலாம். மரமே இறைவன் என்று சொல்லிவிட முடியாது. அப்படியாயின் எல்லா மரங்களும் சமம்தானே என்பார்க்கு மரபு ஓர் உவமையால் மறுமொழி தருகிறது. பால் பசுவின் உடல் முழுதும் பரந்திருந்தாலும் மடியின் வழியாகவே சுரக்கிறது. அதுபோல எங்கும் உள்ள அருள் கோயிலிலும் திருவுருவிலும் வெளிப்படுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாம் சூத்திரத்தில் ஆலயத்தையும் அரனாகவே தொழச் சொல்வதும் இந்த நெறியில்தான். உவமை அழகியது, உண்மையும் உடையது. ஆனால் அதை முழுவதுமாக எண்ணிப் பார்க்க வேண்டும். மடியை மட்டும் கழுவிப் பொட்டிட்டு, பசுவைப் பட்டினி போட்டால் எத்தனை நாள் பால் சுரக்கும்? மடிக்குத் தரும் மதிப்பு பசு முழுவதற்கும் சேர வேண்டியதாகும் என்பது அந்த உவமைக்குள்ளேயே இருக்கும் கடமை. பிற்காலத்தார் பெரும்பாலும் அதைக் காணாது விட்டனர்.

இக்கேள்வியைச் சேக்கிழாரைப் போல வேறு யாரும் கூர்மையாகக் கதையாக்கவில்லை எனலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணத்தில், திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சைவ அடியார் சுந்தரர் திருவொற்றியூருக்கு வந்து, இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு விரும்புகிறார். ஒற்றியூரை விட்டுப் பிரிவதில்லை என்று அவர் சூள் உரைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சூள் என்பது தெய்வத்தைச் சான்றாக வைத்துச் செய்யும் உறுதிமொழி. பிற தலங்களுக்கும் சென்று பாட வேண்டியவர் ஆதலால் இந்த உறுதியைத் தம்மால் காக்க இயலாது என்று அறிந்த சுந்தரர், தாம் சன்னதியில் சூள் உரைக்கும் நேரத்தில் இறைவன் கருவறையை விட்டு நீங்கி மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் என்று தோழமை உரிமையில் கேட்டுக்கொள்கிறார். இறைவன் இசைகிறான், அதே இரவில் சங்கிலியாரின் கனவில் தோன்றி, சூளை மகிழடியில் பெறுமாறும் சொல்லிவிடுகிறான். மறுநாள் வேறு வழியின்றிச் சுந்தரர் மரத்தடியில் நின்று உறுதி கூறுகிறார்.

சுந்தரர் போட்ட கணக்கின் அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது. சூளுக்கு வலிமை தருவது கருவறை. வெளியே நிற்கும் மரம் கடவுளைச் சிறிது நேரம் ஒதுக்கி வைக்கத் தகுந்த வெற்றிடம். மதிலுக்குள் இருப்பதே புனிதம், வெளியில் இருப்பது வெறும் நிலம் என்னும் இந்த எண்ணம் இன்றைக்கும் எத்தனையோ பேருக்கு உடன்பாடானது. சேக்கிழாரின் கதை அதை ஏற்கவில்லை. வசந்தம் வந்து திருவாரூர் விழா நினைவுக்கு வர, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருடைய இரு கண்களும் ஒளி இழக்கின்றன; காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் மற்றொன்றுமாகவே பார்வை திரும்புகிறது. இறைவனின் தோழருக்கே விலக்கு இல்லை. தண்டனை பார்வையின் மேல் விழுந்தது பொருத்தமாகவே படுகிறது. மரத்தை மரமாக மட்டும் கண்ட பிழை கண்ணின் பிழை அல்லவா?

எனினும் தலமரம் என்னும் ஏற்பாட்டுக்கு ஒரு நிழற்பக்கம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு மரத்தைச் சுற்றி மேடை கட்டி மஞ்சள் நூல் சுற்றிய பிறகு, மற்ற மரங்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்துவிட்டதுபோல ஒரு மனநிறைவு வந்துவிடுகிறது. தில்லை என்னும் மரத்தால் பெயர் பெற்ற சிதம்பரத்தில் அந்த உவர்நிலத்து மரங்கள் இன்று காடாக இல்லை. அவற்றைக் காணப் பிச்சாவரத்துச் சதுப்புக்குத்தான் போக வேண்டும். புரசைவாக்கத்துத் தெருக்களில் நடப்பவர் புரசை மரத்தைப் பார்க்க விரும்பினால் கோயிலுக்குள்தான் தேட வேண்டும். காட்டின் சார்பாளனாக நிறுத்தப்பட்ட ஒற்றை மரம், நாளடைவில் காட்டுக்கு ஈடாக எண்ணப்பட்டது. இது சமயத்தின் குற்றமன்று. அடையாளத்தையே பொருளாக எடுத்துக்கொள்ளும் மனத்தின் குற்றம்.

இந்தக் குற்றத்தை வேறொரு திசையிலிருந்து தாக்கியவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையிடமாக இருக்கும் அடையாற்றுத் தோட்டம், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சுமார் 260 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கிறது. வெவ்வேறு சமயங்களின் சிறு வழிபாட்டிடங்கள் அதனுள் மரங்களுக்கிடையே அமைந்துள்ளன. சிறுவனாக இருந்த கிருஷ்ணமூர்த்தி உலக குருவாக வரப்போகிறவர் என்று 1909இல் அறியப்பட்டது அத்தோட்டத்தை ஒட்டிய கடற்கரையில்தான். தமக்காக அமைக்கப்பட்ட அமைப்பை அவரே 1929இல் கலைத்தார். பெயரும் குறியீடும் பார்வைக்குத் திரையாகின்றன, மரத்துக்குப் பெயர் சொன்ன கணத்தில் அதைக் காண்பது நின்றுவிடுகிறது என்பது பிற்காலத்தில் அவர் பலவாறாக வலியுறுத்திய கருத்து. அப்படியானால் தலமரம் என்பதும் ஒரு திரையே. கருத்தில் ஆழம் இருக்கிறது. ஆயினும் நகரத்தின் நடைமுறையில் பெயர் இல்லாத மரமே முதலில் வெட்டுப்படுகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். திரையே சிலபோது காப்பாகவும் இருக்கிறது.

அத்தோட்டத்துப் பெரிய ஆலமரம் இவ்வாதத்துக்கு அப்பால் தன் பாடத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் ஆலம்பழத்தைப் பிளந்து, அதன் விதையையும் பிளந்து பார்க்கச் சொல்கிறார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்கிறான் மகன். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்மையிலிருந்தே இப்பெருமரம் நிற்கிறது என்கிறார் தந்தை. அடையாற்று ஆலின் அடிமரம் 1989ஆம் ஆண்டுப் புயற்காற்றில் விழுந்துபோயிற்று. கிளைகள் விட்ட விழுதுகள் அதற்கு முன்பே மண்ணில் ஊன்றித் தூண்களாகிவிட்டதால் மரம் சாகவில்லை. இன்று அங்கே செல்பவர் தூண்களினிடையே நடந்து நடுவிடத்தைத் தேடினால், தாய்மரம் நின்ற இடம் வெறுமையாகவே இருக்கிறது. விதைக்குள் தெரியாத ஒன்றை அந்த மகன் கண்டதும், மரத்தின் நடுவே இல்லாத ஒன்றை இன்றைய பார்வையாளர் காண்பதும் ஒரே கேள்வியின் இரு முனைகள்: எது மரம்?

தெய்வத்தின் பெயரின்றிக் காக்கப்படும் இடங்களும் இந்நகரில் உண்டு. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சமான அதில் பனையும் களாவும் ஆலும் வளர, சங்கப்பாடல்கள் இரலை என்று சொல்லும் வெளிமான் இன்றும் மேய்கிறது. அதே காட்டின் பகுதிகள் கல்வி நிறுவனத்துக்கும் நினைவிடங்களுக்கும் பிரிந்து போயின. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி, கட்டட இடிபாடுகள் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே நட்ட கன்றுகளும் திரும்பி வந்த நீர்ப்பறவைகளும் முதன்மை பெற, மனிதர் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. பூங்கா என்றாலே நடைப்பயிற்சிக்கும் ஊஞ்சலுக்கும் உரிய இடம் என்று பழகியவர்க்கு இது குறையாகத் தோன்றலாம். உண்மையில் கோயில்காட்டின் முறைமைக்கு மிக அருகில் வருவது இத்தகைய ஏற்பாடுதான். கோயில்காடு என்பது ஐயனாருக்கோ அம்மனுக்கோ நேர்ந்துவிட்ட, சுள்ளி பொறுக்கவும் தயங்கும் ஊர்க்காடு. அங்கே தடுத்தது தெய்வ அச்சம், இங்கே தடுப்பது விதி. இரண்டிலும் மனிதன் தன் கையைத் தானே மடக்கிக்கொள்கிறான். புனிதம் என்று பெயர் பெறுவது அந்த மடக்கத்திலிருந்தே தொடங்குகிறது. ஆனால் விதியைத் திருத்த ஒரு கையெழுத்துப் போதும். அச்சத்துக்கும் உறவுக்கும் அப்படி ஒரு கையெழுத்து இல்லை.

திருவொற்றியூரில் ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுகிறது. அவ்வூர் இறைவனான தியாகராசர் மகிழமரத்தை நோக்கி எழுந்தருள, சுந்தரரும் சங்கிலியாரும் அங்கே கொண்டுவரப்பட்டு, திருமணமும் சூளும் மீண்டும் நிகழ்த்தப்படுகின்றன. மகிழம்பூவைக் கிளையிலிருந்து யாரும் பறிப்பதில்லை. சக்கரம்போல் சிறுத்த, காய்ந்தபின்னும் மணம் போகாத அந்தப் பூ தானே உதிர்ந்த பிறகுதான் பொறுக்குவார்கள். சூளின் முடிவு அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அது மீறப்பட்டதும், கண்கள் போனதும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியதும் தெரியும். தெரிந்தும் மறு ஆண்டு அதே மரத்தடியில் அதே சூள் முதல்முறை போலவே உரைக்கப்படுகிறது. கருவறையை விட்டு வந்த கடவுள் அங்கே நின்று அதைக் கேட்டுக்கொள்கிறார்.