ரயிலுக்குப் பதில் இல்லை

பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. சொல் தொடர்புச் சோதனைக்கு அத்தையை எதிரில் உட்கார வைத்தேன். நான் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அவள் மனத்தில் முதலில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். இடையில் எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்த்துக் குறிக்க வேண்டும். உப்பு என்றதும் ஊறுகாய், விளக்கு என்றதும் திரி. ரயில் என்றேன். வாய் திறக்கவில்லை. முள் ஓடிக்கொண்டே இருந்தது.

"அடுத்ததைச் சொல்லு கண்ணு" என்றாள்.

ரெக்கார்டு நோட்டில் அந்தக் கட்டத்தில் 'பதில் இல்லை' என்று எழுதினேன். விதிப்படி அது சரி. சூரிக்கில் 1900களின் தொடக்கத்தில் இதே சோதனையை நடத்திய கார்ல் யுங், பதில் தாமதமாகும் சொல்லுக்கு அடியில் ஒரு மன முடிச்சு இருக்கும் என்றார். தேர்வில் இதை விரிவாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ரயிலுக்கு அடியில் அத்தைக்கு என்ன இருந்தது?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் குட்டி ஆல்பர்ட்டின் நினைவு வரும். வாட்சனும் ரேனரும் 1920-ல் வெளியிட்ட ஆய்வு. வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்குப் பயத்தைப் பழக்கினார்கள். அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். பாடநூலில் சோதனை அதோடு முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை.

எங்கள் பாட்டி உளவியல் படித்தவள் அல்ல. பக்கத்து வீட்டு அக்கா வாசலேறும் நடையிலேயே வீட்டில் சண்டை என்று கண்டுகொள்வாள். ஆனால் கேட்க மாட்டாள். "மோர் குடிச்சுட்டுப் போ" என்பாள். அக்கா வாய் திறந்தால் கேட்டுக்கொள்வாள். இல்லாவிட்டால் அரிசி புடைப்பதைத் தொடர்வாள். மனிதரைப் படிப்பது இதுதான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். இப்போது அதிலும் சந்தேகம். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தே ஆயுள் கழிந்தவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

அத்தையிடம் ரயிலைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை. கேட்பது அவளுக்கு ஆறுதலா, தொந்தரவா என்று என் படிப்பால் சொல்ல முடியவில்லை. உளவியல் படிக்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு: சோதனை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். எதிரில் இருப்பவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கலாம்.