பிள்ளைக்காக உதவி கேட்பது இழுக்காகுமா?

திருவிழாக் காலத்தில் ஆலயத்திற்கு வரும் பெற்றோரைச் சற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அருச்சனைத் தட்டோடு நிற்கும் தாய் தனக்கென்று கேட்பது மிகக் குறைவு. பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையுமே அவள் முதலிற் சொல்லுகிறாள். பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும், படிப்பு ஏறவேண்டும், கூடாத கூட்டம் விலகவேண்டும் என்று கண்ணீர் மல்க நேர்த்தி வைக்கிறாள். விசயதசமி நாளிற் பிள்ளையை மடியில் இருத்தி ஏடு தொடக்குவிக்கும் தந்தையின் உள்ளத்திலும் இதே வேண்டுதல்தான் இருக்கிறது. இறைவன் திருமுன்னிலையில் பிள்ளைக்காகக் கேட்பதற்கு எவரும் வெட்கப்படுவதில்லை.

ஆனால், அதே தாயும் தந்தையும் ஆலய வாசலைக் கடந்து வீதிக்கு வந்ததும் வாய்மூடி விடுகின்றனர். வகுப்பாசிரியரிடம் போய், "என் பிள்ளைக்கு வாசிக்க வருகுதில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்க நா எழுவதில்லை. பாடசாலைக்குக் கொப்பி வாங்கப் பணமில்லை என்று சொல்ல மனம் இடங்கொடுப்பதில்லை. பிள்ளை வளர்ப்பில் பிறரிடம் உதவி கேட்பது குடும்ப மானத்திற்கு இழுக்கு என்ற எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் சரியானதா என்பது ஒவ்வொரு சைவக் குடும்பமும் சிந்திக்க வேண்டிய அறக்கேள்வியாகும்.

ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். கணவனை இழந்தவள்; கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிப்பிக்கிறாள். மகன் நான்காம் வகுப்பில் இருக்கிறான். புள்ளிகள் குறைந்துகொண்டே போகின்றன. அவள் யாரிடமும் சொல்லாமல் கையிலிருந்த ஒரேயொரு காப்பை அடைவு வைத்து அவனை ரியூசனுக்கு அனுப்புகிறாள். அங்கும் முன்னேற்றமில்லை. பிள்ளை படிக்காமல் விளையாடுகிறான் என்று அடிக்கிறாள். உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை எழுத்துத் தெரிவதில்லை, கண்ணில் குறை. வகுப்பாசிரியரிடமோ வைத்தியசாலையிலோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு மூக்குக் கண்ணாடியோடு தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது. தாயின் அன்பில் குறையில்லை; உழைப்பிலும் குறையில்லை. கேட்பதற்கு இருந்த கூச்சமே குறை. அந்தக் கூச்சம் தாயினுடையது. அதற்கான விலையைச் செலுத்தியதோ பிள்ளை.

இங்கேதான் அறக்கேள்வி எழுகின்றது. தன் மானத்தைக் காப்பது ஒருவருடைய உரிமை. தான் பசித்திருந்தும் பிறரிடம் கேட்பதில்லை என்று ஒருவர் உறுதி பூண்டால் அது போற்றத்தக்கதே. ஆனால், தன் மானத்திற்காகத் தன் பிள்ளையைப் பசித்திருக்க விடலாமா? பிள்ளையின் கண்ணும் காதும் கல்வியும் பெற்றோரிடம் இறைவன் ஒப்படைத்த அடைக்கலப் பொருள்கள். அடைக்கலப் பொருளைக் காப்பவர் அதற்கு ஆபத்து வரும்போது அயலவரைக் கூவி அழைப்பது கடமையேயன்றி இழுக்கன்று.

திருக்குறளை வகுத்த வள்ளுவப் பெருந்தகை இக்காரியத்தில் மிகவும் நுட்பமாக நடந்துகொண்டார். இரவு என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு அடுத்தபடியாகவே இரவச்சம் என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். முன்னதில் கேட்கத் தக்கவரிடம் கேட்கலாம் என்கிறார். பின்னதில் கேட்பதற்கு அஞ்ச வேண்டும் என்கிறார். இது முரண்பாடு போலத் தோன்றும். ஆனால், பரிமேலழகர் மானம் கெடாத இரவு வேறு, மானம் கெட வரும் இரவு வேறு என்று பிரித்துக் காட்டினார். உழைக்க வல்லவர் உழைக்காமல் கையேந்துவது மானம் கெடும் வழி. உழைத்தும் போதாதவர் தம்மை நம்பியிருக்கும் உயிருக்காகத் தக்கவரிடம் கேட்பது மானம் கெடாத வழி. இந்த வேறுபாட்டை உணராமல் இரண்டையும் ஒன்றாக எண்ணுவதனாலேயே பல குடும்பங்கள் இருளிற் கிடந்து துன்புறுகின்றன.

மேலும், பிள்ளைகளுக்கென்று இந்நாட்டில் உள்ள பல உதவிகள் பிச்சையல்ல, அவை உரித்தானவை. 1945ஆம் ஆண்டில், கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும், 1993ஆம் ஆண்டு முதல் சீருடைத் துணியும் அரசாங்கத்தால் வழங்கப்பட்டன. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளை கல்வி பெற வேண்டும் என்பது சட்டம். பாடநூலை வாங்கும்போது எந்தத் தாயும் தலைகுனிவதில்லை. அவ்வாறாயின் அதே பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டும் ஆசிரியரிடம் பிள்ளையின் மனக்கவலையைச் சொல்லுவதற்கும், கற்றலில் இடர்ப்படும் பிள்ளைக்கு விசேட கல்வி அலகு எந்தப் பாடசாலையில் உண்டு என்று கேட்பதற்கும் ஏன் தலைகுனிய வேண்டும்?

எங்கே, யாரிடம் கேட்பது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கைக்குழந்தையின் நிறை ஏறவில்லையென்றாலும், உரிய வயதில் நடக்கவில்லை, பேசவில்லையென்றாலும் முதலில் நாட வேண்டியவர் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். அவர் கிளினிக்கில் பிள்ளையின் வளர்ச்சியைப் பதிந்து வைத்திருக்கிறார். தேவையானால் வைத்தியரிடம் அனுப்பி வைப்பார். "இவனுடைய தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று காலத்தைப் போக்குவது ஆபத்தானது. செவிப்புலக் குறையோ பேச்சுக் குறையோ சிறுவயதிற் கண்டுபிடிக்கப்பட்டால் பயன் அதிகம்.

வறுமையால் வாடும் குடும்பங்கள் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடலாம். 2023ஆம் ஆண்டில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும என்னும் நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கப்பட்டது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணம் உண்டு. பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளுக்கு மகாபொல உண்டு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் கடமையாற்றுகின்றனர். பிள்ளைக்குத் துன்புறுத்தல் நேர்ந்தால், 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்திற்கு இரவு பகல் எந்நேரமும் அறிவிக்கலாம். மனம் சோர்ந்து வாழ்க்கை வெறுத்த நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் 1926 என்னும் இலக்கம் உண்டு. இவ்விரு இலக்கங்களும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நாட்காட்டிக்கு அருகில் எழுதி வைக்கத் தக்கவை.

பிறருடைய உதவியைப் பெறுவதிலுள்ள மனத்தடைக்குச் சைவ உலகம் நன்கறிந்த ஒரு வரலாறு விடை பகருகின்றது. சீகாழியிற் சிவபாத இருதயர் மூன்று வயதுப் பிள்ளையைக் குளக்கரையில் இருத்திவிட்டு நீரில் மூழ்கினார். தந்தையைக் காணாத பிள்ளை திருத்தோணிச் சிகரத்தைப் பார்த்து அழுதது. உமையம்மையார் பொற்கிண்ணத்திற் பால் கொடுத்தருளினார். கரையேறி வந்த தந்தை பிள்ளையின் கடைவாயிற் பாலைக் கண்டார். அவர் முதலிற் செய்தது என்ன? மகிழ்ச்சியடையவில்லை. யார் தந்த பாலை உண்டாய் என்று கோலெடுத்து அதட்டினார். பிறர் கொடுத்ததைத் தன் பிள்ளை உண்டதே என்ற சினம் அவருக்கு வந்தது. பிள்ளை விரலாற் சுட்டிக்காட்டி முதற் பதிகத்தைப் பாடிய பின்னரே, பால் தந்த கை எவருடையது என்று அவர் உணர்ந்தார்.

இவ்வரலாற்றை எண்ணுந்தோறும் இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, சிவபாத இருதயர் பொறுப்பற்ற தந்தையல்லர். தமது கடமையைச் செய்யவே நீரில் இறங்கினார். ஆயினும் நீருக்குள் இருப்பவருக்குக் கரையில் அழும் குரல் கேட்பதில்லை. இன்று வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் போகும் தகப்பனும், குடும்பத்திற்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்று வேலை செய்யும் தாயும் அவ்வாறு மூழ்கியிருப்பவர்களே. எத்துணை நல்ல பெற்றோருக்கும் பிள்ளையின் அழுகை கேட்காத ஒரு பொழுது உண்டு. இரண்டாவது, அந்தப் பொழுதில் வேறொரு கை நீண்டு வந்து பால் ஊட்டினால் அது பெற்றோருக்கு அவமானமன்று, திருவருள். நல்லாசிரியர் ஒருவரும், குடும்பநல உத்தியோகத்தரும், அயல்வீட்டு அம்மாவும் அந்தத் திருவருளின் கருவிகளாக வரக்கூடும்.

"எல்லாவற்றுக்கும் உதவி கேட்டுப் பழகினால் பெற்றோர் தம் பொறுப்பை மறந்து விடுவார்களே" என்று சிலர் ஆட்சேபிப்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ரியூசனுக்குப் பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்றிருக்கும் பெற்றோரும், விடுதியில் விட்டதோடு பிள்ளையை மறந்த பெற்றோரும் உளர். ஆனால், உதவி கேட்பது வேறு. பொறுப்பைக் கைமாற்றிவிடுவது வேறு. உதவி கேட்டவர் அதன் பின்னரும் பிள்ளையின் அருகிலேயே இருக்கிறார். கண்ணாடி வைத்தியர் தருவார். அதை அணிந்து வாசிக்கும் பிள்ளையின் பக்கத்தில் மாலையில் விளக்கடியில் இருக்க வேண்டியவர் தாயும் தந்தையுமே. அந்த இடத்தை எந்தத் திணைக்களமும் நிரப்ப முடியாது.

இன்னொரு தடை ஊராரின் வாய். "சொன்னால் ஊர் முழுவதும் கதைக்கும்" என்பதே பெரும்பாலான பெற்றோரின் பயம். இந்தப் பயத்துக்குக் காரணம் கேட்பவர் அல்லர். கேட்டதைச் சந்திக்குச் சந்தி காவித் திரிபவரே. கற்றலில் பின்தங்கிய பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதும், கணவன் குடிக்கிறான் என்று அழுத பெண்ணின் கதையைக் கிணற்றடியிற் பகிர்வதும் பெரும்பாவம். ஒருவர் நம்பிச் சொன்ன துன்பத்தை மனதுக்குள் பூட்டி வைப்பதும் ஒரு தானம். அதற்குப் பணம் தேவையில்லை.

ஆகவே கேட்கும் துணிவு பெற்றோரின் கடமையென்றால், கேட்கத் தக்கவர்களாக இருப்பது ஊரின் கடமையாகும். பழைய தலைமுறையினர் இதனை அறிந்திருந்தனர். நல்லைநகர் ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிப் பொதுமக்களின் ஆதரவோடு நடத்தினார். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்துப் பொதுக் காரியத்திற்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் ஊர்களில் இருந்தது. ஒரு பிடி கொடுத்ததால் எந்த வீடும் வறுமைப்படவில்லை. எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையிற் கலந்தபின், அதில் எது யாருடையது என்று எவரும் கேட்கவுமில்லை. ஆதலால் கொடுத்தவருக்குச் செருக்கில்லை, பெற்றவருக்கு வெட்கமில்லை. தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானம் மகளிர் இல்லம் நடத்தியதும், கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை விசேட தேவையுடைய பிள்ளைகளை அரவணைத்ததும் அந்த வழி வந்த பணிகளே.

சிறிய கிராமத்து ஆலயத்தாலும் இயன்றது பலவுண்டு. மேலே சொல்லப்பட்ட உத்தியோகத்தர்களின் விபரங்களை மடத்துச் சுவரில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். அறநெறிப் பாடசாலை ஆசிரியர், வாசிக்க இடர்ப்படும் பிள்ளையைக் கண்டால் பெற்றோரைத் தனியாக அழைத்து அன்போடு சொல்லலாம். உபயகாரர்கள் திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பிள்ளைகளின் கல்விக்கென வைக்கலாம். விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாத தாய்க்குச் சனசமூக நிலையத்து இளைஞர் ஒருவர் அரைமணி நேரம் ஒதுக்கலாம். பெறுபவரின் பெயரை ஒலிபெருக்கியிற் சொல்லாமல் இருப்பது இவை எல்லாவற்றிலும் முக்கியமானது.

சீகாழி வரலாற்றின் முடிவையும் மறந்துவிடலாகாது. பால் வேறொரு கையால் வந்தது. ஆனால், அதன்பின் அந்தப் பிள்ளையைத் தலந்தோறும் தோளிற் சுமந்து சென்றவர் சிவபாத இருதயரே. பிறர் உதவியதனால் தந்தையின் இடம் குறையவில்லை. அவருடைய தோளுக்குரிய பெருமை கூடிற்று. கோலைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொள்ளும் மனம் ஒவ்வொரு பெற்றோருக்கும் வாய்க்க வேண்டும். அழும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் கை ஒவ்வோர் ஊருக்கும் வாய்க்க வேண்டும். அம்மையப்பராகிய இறைவன் அதற்குத் திருவருள் பாலிப்பாராக.