பிறர் உள்ளமும் தூதுவன் கணக்கும்

மெய்யென்று தான் தெளிந்த ஒன்றைப் பிறர்க்கும் உரைத்தல் வேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு இயல்பாக உள்ளது. அவ்வேட்கையின்கண் குற்றங் காண்பார் சிலரே. ஆயினும் அதனை நிறைவேற்றும் நெறி இருதிறப்படும். நாடி வந்து வினவுவார்க்கு விடை பகர்தல் ஒன்று. வினவாதார் வாயிலைத் தாமே சென்று தட்டுதல் மற்றொன்று. முன்னதில் ஐயத்திற்கு இடமில்லை. பின்னதோ, அழையாதிருக்கச் சென்று ஒருவனது உள்ளத்தின் மிக ஆழ்ந்த பகுதியை மாற்ற முற்படுவதாம். அஃது அன்பின் செயலோ, அன்பின் பெயரால் நிகழும் நெருக்குதலோ என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு மார்மன் தூதுவர் எனப்படுவாரது வாழ்க்கையினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. வாரத்தின் ஏழு நாளையும் இவ்வொன்றிற்கெனவே அளந்து வைத்து வாழ்பவர் அவர்.

இவர் சார்ந்த சபை 1830 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பெற்றது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரம் அதன் தலைமையிடம். மார்மன் என்பது அவர்தம் மறைகளுள் ஒன்றன் பெயர் பற்றிப் பிறர் இட்ட வழக்கு. 2018 ஆம் ஆண்டு முதல் அவர்தம் தலைவர் அப்பெயரைத் தவிர்க்குமாறு வேண்டி வருகின்றனர். எனினும் உலகம் அறிந்த பெயர் அதுவேயாதலின் ஈண்டும் அதுவே ஆளப்படுகின்றது.

அச்சபையின் இளைஞர் பதினெட்டு வயது நிரம்பியபின் தூதுத் தொண்டிற்குச் செல்லலாம். 2012 ஆம் ஆண்டுக்கு முன் அவ்வெல்லை பத்தொன்பதாக இருந்தது. ஆடவர்க்குத் தொண்டின் காலம் இரண்டு ஆண்டு. மகளிர்க்குப் பதினெட்டுத் திங்கள். செல்லும் இடத்தைத் தாமே தெரிந்துகொள்ளுதற்கில்லை. சபைத் தலைமை குறித்தனுப்பும் நாட்டிற்கே செல்லுதல் வேண்டும். கூலி யாதும் இல்லை. பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தாரே செலவினைத் தாங்குவர். இளைஞன் ஒவ்வொருவனும் 'மூப்பர்' என்னும் பட்டத்தோடு குடும்பப் பெயராலேயே அழைக்கப்படுவான். மீசை அரும்பும் பருவத்தானை மூப்பரென்று விளித்தல் கேட்பார்க்கு நகை தருவதாயினும், அவனது சட்டைமேல் விளங்கும் கரிய பெயர்ப் பலகை அதனையே கூறும். தனித்துத் திரிதல் கூடாது. எப்பொழுதும் துணைவன் ஒருவனோடு, ஒருவர் பார்வையினின்று ஒருவர் நீங்காது உறைதல் விதி. இயேசுநாதர் தம் மாணாக்கரை இருவர் இருவராக விடுத்தார் என்னும் விவிலியச் செய்தி இதற்கு அடிப்படை. நண்பன் அல்லாதவனோடும், மொழியும் நாடும் வேறாயவனோடும், இரவும் பகலும் ஒருங்கிருந்து பொறுத்தலினும் கடிய நோன்பு வேறு யாதுளது?

இனி, இங்கிலாந்து நாட்டு லங்காஷயர் பகுதியிலுள்ள பிரெஸ்டன் நகரத்தை எடுத்துக்கொள்க. பண்டு பருத்தி ஆலைகளாற் பெயர் பெற்ற நகரம் அது, மழைக்குக் குறைவில்லாதது, ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள் தெருத்தொறும் நிரல்பட நிற்பது. யூட்டாவின் வறண்ட மலையடிவாரத்திற் பிறந்த இளைஞன் ஒருவன் அங்கு விடுக்கப்பட்டான் எனக் கொள்வோம். அவன் வாரம் திங்கட்கிழமையிற் றொடங்கும். அஃது ஆயத்த நாள் எனப்படும். துணி வெளுத்தல், கடைக்குச் செல்லுதல், அறை துடைத்தல் ஆகியவற்றிற்கு உரிய நாள் அதுவே. வீட்டாரோடு பேசுதலும் அன்றுதான். 2019 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் வரை ஆண்டிற்கு இருமுறையே, கிறிஸ்துமஸ் நாளிலும் அன்னையர் நாளிலும் மட்டுமே, தாயின் குரலைக் கேட்டல் கூடும். அதன்பின் வாரந்தோறும் பேச இசைவளிக்கப்பட்டது. அன்று மாலையே பணி மீண்டும் தொடங்கிவிடும்.

ஏனைய நாள்களில் காலை 6.30 மணிக்கு எழுதலும் இரவு 10.30 மணிக்கு விளக்கணைத்தலும் நெடுங்கால வழக்கு. 2017 ஆம் ஆண்டு முதல் நேர ஒழுங்கிற் சிறிது தளர்ச்சி உண்டு. எழுந்தவுடன் வழிபாடு, உடற்பயிற்சி, தனித்தும் துணைவனோடும் மறையோதல். அதன்பின் தெருவிற்கு இறங்குவர். கைப்பேசி வழியாக ஆட்களைத் தேடுதல் இந்நாளிற் பெருகி, வீடுதோறும் கதவு தட்டுதல் முன்போல் இல்லை. ஆயினும் அஃது அறவே ஒழிந்ததுமில்லை. தட்டிய கதவுகளுள் பல திறவா. திறந்தவற்றுள்ளும் பல, சொற்றொடர் முடியுமுன் மூடப்படும். சிலர் இன்முகத்தோடு வேண்டாமென்பர். அந்நகரிற் குசராத்தியக் குடிகள் பல உள்ளன. தமக்கெனத் தொன்மையான சமயமும் கோயிலும் உடைய அவர், வந்த இளைஞரை அமரச் செய்து தேநீர் வழங்க விழைவாராயின் அங்கும் ஓர் இடர் நேரும். தேயிலையும் காப்பியும் மதுவும் புகையிலையும் மார்மன்களுக்கு விலக்கப்பட்டன. தேநீர் மறுக்கும் விருந்தினனை இங்கிலாந்தினரும் அறியார், குசராத்தியரும் அறியார்.

வெளியுலகம் இவ்விளைஞனைக் கண்டு நகைக்கின்றது, அல்லது சினக்கின்றது. அவன்பாற் படியும் நன்மையினை அது காண்பதில்லை. நாள்தோறும் மறுக்கப்பட்டும் கசப்பின்றி அடுத்த கதவை அணுகுதல் எளிதன்று. பதினெட்டு வயதில் அதனைப் பயின்றவன் பிற்காலத்து எத்தொழிலிலும் கலங்கான் என்பர். இது மெய்யே. ஆயினும் கதவிற்குள் இருப்பவன் பிறிதொருவனது பயிற்சிக்களம் ஆகான். எனவே தூதுவனுக்கு விளையும் நன்மை கொண்டு இச்செயலை அறமென்று நாட்டல் இயலாது.

பிரெஸ்டன் நகரம் இவ்வினாவிற்குப் பழைய தொடர்புடையது. 1837 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹீபர் கிம்பல் என்பவரும் அவர்தம் தோழரும் கடல் கடந்து வந்து இந்நகரிலேயே முதலில் போதித்தனர். அவருள் ஒருவராகிய ஜோசப் பீல்டிங் என்பார்க்கு ஜேம்ஸ் பீல்டிங் என்னும் உடன்பிறந்தார் ஒருவர் இந்நகரில் ஒரு சிற்றாலயத்தின் போதகராக இருந்தார். அவர் தம்மை நாடி வந்தாரை விருந்தாக ஏற்றுத் தம் ஆலயத்திலேயே பேச இடமளித்தார். சின்னாட்களிலேயே அவர்தம் அடியார் பலர் புதிய கொள்கையின்பாற் சாய்ந்தனர். அவர் கதவை அடைத்தார். அதற்குள் காலங் கடந்துவிட்டது. ஜூலை 30 ஆம் நாள் ரிபிள் ஆற்றில் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவருள் முதல்வராதற்கு இருவர் ஆற்றங்கரை நோக்கி ஓட்டப் பந்தயமே ஓடினர் என்பது அச்சபையார் மகிழ்ந்து கூறும் வரலாறு. எட்டுத் திங்கள் கழிந்து கிம்பல் மீண்டபொழுது ஏறத்தாழ 1,500 பேர் சேர்ந்திருந்தனர். ஆலைத் தொழிலின் வறுமையிற் கிடந்த மக்கட்கு, தம்மைப் போன்றே எளியராய் வந்து பேசிய அத்தூதர் புதிய நம்பிக்கையாக விளங்கினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜேம்ஸ் பீல்டிங் தம் மக்களை இழந்தார். ஆற்றங்கரையில் நின்றார்க்கு அறுவடைத் திருநாளாக இருந்தது, ஆலயத்துள் நின்றார்க்கு இழவாக இருந்தது. இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் கூறும் வரலாறு குறையுடையதே.

இற்றைநாள் தூதுவனுக்கு அத்தகைய அறுவடை இல்லை. 2024 ஆம் ஆண்டின் முடிவில் உலகெங்கும் 74,000-க்கு மேற்பட்டோர் இத்தொண்டில் இருந்தனர். அவ்வாண்டிற் புதிதாக ஞானஸ்நானம் பெற்றோர் 3,08,000-க்கு மேற்பட்டோர். வகுத்து நோக்கின் தூதுவர் ஒருவர்க்கு ஆண்டிற்கு நால்வர். அந்நால்வரும் ஆப்பிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் பிலிப்பைன் தீவுகளிலும் மிகுதியாகக் கிடைப்பர். மேலை ஐரோப்பாவில் மிகக் குறைவு. இரண்டு ஆண்டும் கழிந்து ஒருவரையும் ஆற்றிற்கோ தொட்டிக்கோ அழைத்துச் செல்லாது மீளும் இளைஞரும் உளர்.

இனி, வியாழக்கிழமை ஒன்றனைக் கருதுக. தனித்து வாழும் மூதாட்டி ஒருத்தி அவ்விருவர்க்கும் கதவு திறக்கின்றாள் என வைத்துக்கொள்வோம். அவளுக்குச் சமயம் வேண்டா, பேச்சுத்துணை வேண்டும். தோட்டத்துக் களை பறித்தற்கும் மேல்மாடியினின்று பெட்டி இறக்குதற்கும் இளங்கைகள் வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் பிறர்க்கு உடலுழைப்பு நல்குதல் தூதுவர்க்கு உரிய கடமைகளுள் ஒன்றாதலின் அவர் செல்கின்றனர். அவள் தேநீர் தருகின்றாள்; அவர் தண்ணீர் கேட்கின்றனர்; மூன்றாம் வாரம் அவளே மறவாது தண்ணீர் வைக்கின்றாள். மார்மன் நூலை அன்போடு வாங்கி அலமாரியில் வைத்தாள், படித்தாளில்லை. நான்காம் வாரம் ஞாயிறு வழிபாட்டிற்கு அழைத்தபொழுது சிரித்து மறுத்தாள். இளைஞன் ஐந்தாம் வாரமும் அங்குச் செல்லலாமா?

இவ்வினா சிறிதன்று. முன்னேற்றம் காட்டாதாரிடத்துக் காலம் போக்காது, கேட்க ஆயத்தமாயினாரைத் தேடுக என்று தூதுவர்க்கு அறிவுறுத்தப்படுகின்றது. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. அவனுக்குள்ள காலம் குறைவு, உலகம் பெரிது. ஆனால் அவ்வறிவுரைப்படி அவன் வியாழக்கிழமை வருகையை நிறுத்துவானாயின், முன் நான்கு வாரமும் அவன் பறித்த களையின் பொருள் யாது? அன்பெனத் தோன்றியது தூண்டிலாக மாறிவிடும். மாறியது அன்றேயன்று; முதல் வாரத்திலேயே அது தூண்டிலாக இருந்தது என்று அவள் எண்ணுதற்கு இடனாகும். நிகழ்ந்தது ஒன்றே, நிறுத்துதல் அதன் பொருளைப் பின்னோக்கி மாற்றிவிடுகின்றது. கதவைத் தட்டுதலினும் தட்டாது விடுதலே இங்கு நெருக்குதல் ஆகின்றது என்பது நோக்கத்தக்கது.

ஞாயிறு இரவில் கணக்கு வரும். வாரத்தின் நிகழ்ச்சி எண்களாகி மேலோர்க்குச் செல்லும். 2017 ஆம் ஆண்டுவரை ஒன்பது வகை எண்கள் கேட்கப்பட்டன. அவ்வாண்டில் அவை நான்காகக் குறைக்கப்பட்டன. சுமை குறைந்தது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் எஞ்சிய நான்கினையும் நோக்குக: புதிதாகக் கேட்கத் தொடங்கினோர், வழிபாட்டிற்கு வந்தோர், ஞானஸ்நானத்திற்கு நாள் குறித்தோர், அதனைப் பெற்றோர். நான்கும் பிறர் செய்தனவே. தூதுவன் செய்தது ஒன்றுமில்லை. உழவன் எத்தனை சால் உழுதான், எத்தனை குடம் நீர் இறைத்தான் என்று கேளாது, எத்தனை முறை மழை பெய்தது என்று அவனையே வினவுதல் போலும் இது. அதன்பின்னும் மாற்றங்கள் உண்டாயின. வந்தோர் தொகையும் பெற்றோர் தொகையும் நீங்கவில்லை.

எண்ணின் வேட்கை எங்குக் கொண்டு செலுத்தும் என்பதற்குப் பிரித்தானியாவிலேயே கசப்பான சான்று ஒன்றுண்டு. 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் அங்குத் தொண்டாற்றிய தூதுவர் பலர், பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்தைக் காட்டிச் சிறுவரைத் திரட்டினர். ஆட்டக் குழுவிற் சேர்தற்கும் சபையிற் சேர்தற்கும் வேறுபாடு அறியாத சிறார் பலர் தண்ணீரில் மூழ்கி எழுந்தனர். எண்கள் வானளாவ உயர்ந்தன. அச்சிறுவருள் மிகப் பலர் பின்னர் வழிபாட்டிற்கு வரவேயில்லை. சில ஆண்டு கழிந்தபின் சபையாரே பலர் பெயரைப் பதிவேட்டினின்று நீக்க நேர்ந்தது. இதனைச் செய்த இளைஞர் தீயோர் அல்லர். மேலிருந்து வந்த குறியளவை எட்ட முயன்றவரே. தீயோர் செய்திருப்பின் அதிற் கற்றற்கு ஒன்றுமில்லை.

இதற்கு அவர்தம் தரப்பில் விடையொன்று உண்டு. அது புறக்கணிக்கத் தக்கதன்று. ஒவ்வோர் உயிர்க்கும் தானே தெரிந்துகொள்ளும் உரிமை உண்டென்பது அச்சபையின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. தூதுவனுக்கு வழங்கும் கைந்நூலும், அவனது வெற்றி அவனது ஈடுபாட்டைப் பொறுத்ததேயன்றிப் பிறர் ஏற்றலையும் மறுத்தலையும் பொறுத்ததன்று என்றே கற்பிக்கின்றது. கொள்கை நன்று. ஆனால் காலையில் அக்கொள்கையை ஓதி, ஞாயிறு இரவில் மாறான எண்ணை எழுதும் இளைஞன் எதனை நம்புவான்? பெரும்பாலும் எண்ணையே நம்புவான். எண் குறைந்தபொழுது தன் நோன்பிற் குறையுண்டு போலும், தன் நெஞ்சில் மாசுண்டு போலும் என்று தன்னையே வருத்துவான். காலம் முடியுமுன் வீடு திரும்புவார்க்கு ஊரார் நடுவே நேரும் நாணமும் சிறிதன்று. மறுத்தவள் மூதாட்டி, தண்டம் இளைஞனுக்கு. அவளது உரிமை மெய்யாயின் அவளது மறுப்பு அவன் கணக்கில் ஏறுதல் எங்ஙனம் பொருந்தும்?

கதவு தட்டுதலே குற்றம் என்று இதனாற் கூறியவாறன்று. தட்டுதலும் பேசுதலும் வேண்டாமென்ற அளவில் நன்றி கூறி மீளுதலும் ஒருவன் எல்லைக்குள் நிற்பனவே. அவ்வளவில் கதவினுள் உள்ளவன் இழப்பது ஒரு நிமிடம். பெறுவது ஒரு செய்தி. ஒருவனது தெளிவு தன் வாரத்தின் இலக்கு என்று மற்றொருவன் குறித்துக்கொள்ளும் இடத்திலேதான் தவறு தொடங்குகின்றது. அவ்விடத்து எதிரே இருப்பவன் உயிர் என்னும் நிலையினின்று இழிந்து ஓர் இலக்கம் ஆகின்றான். இலக்கம் ஆக்கியவனும் தான் சுமந்து வந்த நற்செய்தியைக் கடைப்பொருள் ஆக்குகின்றான். உழைப்பை எண்ணுக; நடந்த தொலைவை எண்ணுக; ஓதிய மறையை எண்ணுக. பிறர் உள்ளம் எண்ணுதற்கு உரியதன்று.

ஆறு வாரத்திற்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். துணைவன் மாறுவான், அல்லது இளைஞனே வேற்றூர்க்கு அனுப்பப்படுவான். பெட்டி இரண்டனுள் அடங்கும் உடைமையோடு அவன் புறப்படுமுன், அவ்வூரில் தான் சந்தித்தோர் பெயரையும் இருப்பிடத்தையும் அடுத்து வருவோனுக்குக் குறித்து வைத்துச் செல்லுதல் முறை. ஏற்றோர், ஏற்க அணியமாயினோர், மறுத்தோர் எனக் குறிப்பு அமையும். வியாழக்கிழமை களை பறிக்கும் வீடு அவற்றுள் எதனுள்ளும் அடங்குவதன்று. அதனையும் எழுதி, தேநீர்க்கு மாறாக அவள் தண்ணீர் வைப்பாள் என்பதையும் எழுதி வைத்தல், வண்டி வருமுன் அவனுக்கு எஞ்சியுள்ள பணி.