மறந்தார்க்குச் செய்யும் நன்மை

நாம் செய்த நன்மையை அதனைப் பெற்றவர் மறந்துவிடுவாராயின், அந்நன்மை பயனற்றதாகுமோ? மூளையைப் பற்றி ஆராய்ச்சியாளர் கண்ட சில உண்மைகள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

1971ஆம் ஆண்டில் இலண்டனிலே ஜோன் ஓகீப் என்பார், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியை ஆராய்ந்து, எலி ஓரிடத்தை அடையும்பொழுது அங்குள்ள ஒரு கலமும், பிறிதோரிடத்தை அடையும்பொழுது பிறிதொரு கலமும் கிளர்தலைக் கண்டார். 2005ஆம் ஆண்டில் நோர்வேயில் மோசர் என்னும் பெயருடைய இருவர், அதனை அடுத்த பகுதியிலே, நிலத்தை ஒழுங்கான முக்கோணங்களாக வகுத்து அளப்பன போன்ற கலங்கள் உளவென வெளியிட்டனர். இம்மூவரும் 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். ஒரு பொருளுக்கு இன்ன திசையில், இன்ன தூரத்தில் நிற்குங்கால் மாத்திரம் கிளரும் கலங்களும் உண்டென்பது 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆகவே தூண் எங்கே, வாயில் எங்கே என்னும் குறிப்பு மூளையில் ஒருவாறு வரையப்பட்டுளது என்க.

அப்படம் அழிதலும் உண்டு. அல்சைமர் நோய் பெரும்பாலும் இப்பகுதிகளையே முதற்கண் தாக்குகின்றது. ஆதலின் அந்நோயுற்ற முதியோர் பலர் பழகிய தெருவிலும் வழி தவறுகின்றனர். வைத்த பொருளைக் காணாது மயங்குகின்றனர். பின்னர்ப் பெற்ற மக்களையும் அறியாராகின்றனர். இத்தகையோர்க்கு உணவும் உடையும் அளித்தல் அமையும், அன்பு காட்டுதலாற் பயனில்லை என்பாரும் உளர். அது பொருந்துமோ என ஆராய்வாம்.

1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவர்க்கு, வலிப்பு நோயைத் தீர்க்கும்பொருட்டு, இருபக்கத்து ஹிப்போகாம்பசிலும் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் நிலைபெறவில்லை. எனினும் கண்ணாடியை நோக்கி உருவம் வரையும் பயிற்சியில், முன்பு செய்ததை அறியாதிருந்தும், அவர் கை நாடோறும் திருந்திற்று. 2010ஆம் ஆண்டில் ஐயோவாப் பல்கலைக்கழகத்தார், ஹிப்போகாம்பஸ் பழுதுற்ற ஐவர்க்குத் துயரமும் மகிழ்ச்சியும் தரும் படங்களைக் காட்டினர். படத்தில் கண்டவற்றை மறந்த பின்னரும், அவற்றால் எழுந்த உணர்ச்சி அவர்பால் நீங்காது நின்றது. ஆதலின், கடிந்து பேசப்பட்ட முதியவர், கடிந்தவர் யாரென்பதை மறந்தும், காரணமறியாத் துயரோடு அமர்ந்திருத்தல் கூடும்.

இனி, உணர்ச்சியும் மறையுமென்றே கொள்வோம். நம்மை ஏந்தியும் ஊட்டியும் வளர்த்த முதலாண்டின் நாட்களுள் ஒன்றேனும் நமக்கு நினைவிலுண்டோ? அது பற்றித் தாயர் செய்தன வீணாயின என்று எவரும் கூறார். அம்மறந்த நாட்களின் மேலன்றோ நம் வாழ்வு நிற்கின்றது! நினைக்கப்படுதல் நன்மைக்கு அளவுகோல் அன்று.

ஆசிரியர்களாகிய நாம் கற்பிப்பனவற்றுள்ளும் பல மறக்கப்படும். ஆயினும் அவற்றை எம்முகத்தோடு கற்பித்தோம் என்பது மாணாக்கர்பால் நிற்கும். மறதியுடைய சிறுவனை ஒழுக்கம் இல்லாதவனைப்போல ஒறுத்தல் தகாது. ஒரே வினாவைப் பத்து முறை வினவும் பாட்டனார்க்கு, பத்தாம் முறையும் முதன்முறைபோல விடையிறுக்க நம் மாணாக்கரைப் பயிற்றுவோமாக.