தம்பி இல்லாத மேடை

2007 ஜூனில் லோகா போனார். நுரையீரல் புற்றுநோய். லோகநாதன் ஆறுமுகம் என்று முழுப்பெயர் சொன்னால், மலேசியாவில் எங்கள் ஊரான பந்திங்கில் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. ஆலிகேட்ஸ் லோகா என்றால் பாசாரில் காய் விற்கும் மாக்சிக்குக்கும் தெரியும்.

அண்ணன் டேவிட், தம்பி லோகா. ஆலிகேட்ஸ், 1960களின் கடைசியில் பினாங்கில் முளைத்த அவர்களின் இசைக்குழு. ஹாங்காங்கின் இரவு விடுதிகளில் பாடிப் பழகி, ஊர் திரும்பி மலாயில் பாடினார்கள். பொங்கிய சுருள்முடியோடு இரண்டு தமிழர்கள் ‘ஹிங்கா அகிர் நந்தி’ பாடியதை நாடே தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

*

தம்பி போன பின்பும் அண்ணன் குழுவைக் கலைக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை. என் மனம் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறது.

இங்கிலாந்தில் 1980இல் பாடகர் இயன் கர்ட்டிஸை இழந்த ஜாய் டிவிஷன் குழுவினர், நியூ ஆர்டர் என்ற புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். அதே ஆண்டு பாடகர் பான் ஸ்காட்டைப் பறிகொடுத்த ஏசி/டிசி குழு, சில மாதங்களிலேயே பிரையன் ஜான்சனைப் பாடவைத்து ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை வெளியிட்டது. இரண்டிலும் நேர்மை இருக்கிறது. ஆனால் கூடப்பிறந்தவன் இடத்துக்கு யாரைத் தேடுவது? ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு குரல்கள் சேரும்போது வரும் இழைவை, எவ்வளவு தேர்ந்த பாடகராலும் பயிற்சி செய்து கொண்டுவர முடியாது.

*

இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது, உள்ளூர் பேண்டு ஒன்று ஆலிகேட்ஸ் பாட்டை எடுத்தது. பாடியவருக்கு அறுபது இருக்கும். கீபோர்டுக்காரர் பொத்தானை இரண்டு முறை அழுத்திச் சுருதியை இறக்கினார்.

“அண்ணே, இப்ப எட்டும்ல?”

“எட்டும் தம்பி. ரெண்டாங்குரல மட்டும் நீ எடுக்காத, கீபோர்டுலயே வாசி.”

அவர்களுடைய இரண்டாங்குரல்காரர் முந்தின வருஷம் தவறிப்போனார் என்று பிறகு தெரிந்தது. அவர் பாடவேண்டிய வரிகளைக் கீபோர்டு மெதுவாக வாசித்துப் போனது. பாட்டு பழசுதான். ஆனால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்டது அதுவரை எங்கும் கேட்டிராத ஒன்று.

புது ஆல்பம் போட்டால்தான் படைப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆள் குறைந்த பிறகு அதே பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது, எந்த வரியைச் சும்மா விடுவது, யார் முன்னால் வந்து நிற்பது என்று முடிவு செய்வதும் இசையமைப்பதுதான். துக்கத்தோடு செய்ய வேண்டியிருப்பதால் அது இன்னும் கடினமான வேலை.

*

மேடைக்குக் கூப்பிட ஆள் இருந்தால்தான் குழு பிழைக்கும். கிள்ளானிலோ பந்திங்கிலோ உங்களுக்குத் தெரிந்த பேண்டு ஒன்றில் யாராவது தவறிப்போயிருந்தால், மிச்சம் இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு அடுத்த கல்யாணத்துக்கு அவர்களிடமே முன்பணம் கொடுங்கள்.